டப்பா கிட்டாரைப் பிள்ளைகள் ஏன் ஓரம் கட்டினார்கள்?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டரை. விடுமுறையில் பொழுதுபோகட்டும் என்று, காணொளி ஒன்றைப் பார்த்து, அட்டைப் பெட்டியில் ரப்பர் பேண்டு மாட்டி, வண்ணத்தாள் ஒட்டி, ஒரு கிட்டார் செய்து கொடுத்தேன். அரை மணி நேரம்கூட அதை அவர்கள் தொடவில்லை. விளையாட்டுக் கீபோர்டு வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வீட்டிலேயே வாத்தியம் செய்வதில் உண்மையில் பயன் உண்டா?
- ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: பயன் உண்டு. ஆனால் நீங்கள் செய்தது பார்க்க அழகான பொருள். எப்படி மீட்டினாலும் அதிலிருந்து ஒரே மந்தமான ஓசைதான் வந்திருக்கும். மெல்லிய அட்டை ரப்பரின் இழுவைக்கு வளைந்து கொடுத்து அதிர்வை விழுங்கிவிடும். தஞ்சாவூர் வீணைக்கு உங்கள் மாவட்டத்துப் பண்ருட்டிப் பலாமரத்தைத் தேடி வாங்குவதும் மரம் நன்றாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதே ரப்பர் பேண்டை மூடியில்லாத எவர்சில்வர் டிபன் டப்பாவில் மாட்டி, ரப்பருக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகி, அதை இப்படியும் அப்படியும் நகர்த்தும் வேலையை மகனிடம் விட்டுவிடுங்கள். அதிரும் பகுதி குறுகக் குறுக ஓசை மேலே ஏறுவதை அவனே கண்டுபிடித்துக்கொள்வான்.

அடுத்து, ஜலதரங்கம். நான்கைந்து பீங்கான் கோப்பைகளில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, விளிம்பில் மரக்கரண்டியால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக் கூட ஓசை தாழ்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதன் வாய்க்குக் குறுக்கே ஊதச் செய்தால், இங்கே தண்ணீர் கூடக் கூட ஓசை உயரும். தட்டும்போது கோப்பையும் தண்ணீரும் சேர்ந்து அதிர்வதால் தண்ணீரின் கனம் அதிர்வை மெதுவாக்குகிறது. ஊதும்போது அதிர்வது மேலே உள்ள காற்று, தண்ணீர் ஏறினால் அதன் நீளம் குறைகிறது. இந்த விளக்கத்தை ஐந்து வயதுப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஓசை ஏறுமா இறங்குமா என்று ஒவ்வொரு முறையும் அவனை ஊகிக்க விட்டால், கோப்பைகளைத் திரும்பக் கேட்டு வாங்குவதுதான் உங்களுக்குப் பெரும்பாடாக இருக்கும்.

பூவரச இலையில் பீப்பீ செய்யத் தெரிந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். இலையைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் அழுத்தித் தட்டையாக்கி ஊத வேண்டும். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் முனையான சீவாளியைப் போலவே அந்த இரு மடிப்புகளும் ஒன்றோடொன்று படபடத்து ஒலிக்கும். அக்கம்பக்கத்தார் தூங்கும் மதிய நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டரை வயது மகளுக்குக் கிலுகிலுப்பை போதும். ஒரு பாட்டிலில் அரிசியும் இன்னொன்றில் புளியங்கொட்டையும் போட்டால் ஓசையின் வித்தியாசம் அவளுக்கே தெரியும். மூடியைச் சுற்றி டேப்பை இறுக ஒட்டி, அது தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அந்த வயதில் சிறு விதைகள் மூக்குக்கும் தொண்டைக்கும் போய்விடும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் போடவே வேண்டாம். மென்றுவிட்டால் அது கடும் விஷம். டப்பா மேளத்துக்குப் பலூனை இழுத்துக் கட்டச் சொல்வார்கள். கிழிந்த பலூன் துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும் என்பதால், அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதே நல்லது.

கீபோர்டு வாங்குவதில் தவறில்லை, ஆனால் இந்த ஆண்டே வேண்டியதில்லை. ஒரு மெட்டைத் தானாகவே கோப்பைகளில் தேடிப் பிடிக்க மகன் முயலும்போது வாங்கலாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.