வசைச்சொல் பட்டியல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இணையத்தில் வரும் வசைகளைக் கணினி அடையாளம் காண, பல மொழிகளில் சொற்பட்டியல் தொகுக்கும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கல்லூரி மாணவி: அக்கா, வேறு மொழிப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்தால் வேலை முடிந்துவிடாதா?

முடியாதும்மா. 2018இல் வந்த 'ஹர்ட்லெக்ஸ்' என்ற பன்மொழி வசைச்சொல் பட்டியல் அப்படிப் பிறந்ததுதான். இத்தாலிய மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ தொகுத்த புண்படுத்தும் சொற்களை ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள். விலங்கு, செடிகொடி, தொழில், உடற்குறை என்று 17 வகை. அந்தப் பிரிப்பு நமக்கும் உதவும். ஆனால் சாதிக்கென்று அதில் ஒரு வகை இல்லை. தமிழில் ஆழமாகக் காயப்படுத்தும் வசை அங்கேதான் இருக்கிறது. பேத்தியைக் கொஞ்சும் பாட்டியும் 'கழுதை' என்பாள். அதுவும் மொழிபெயர்ப்பில் தெரியாது. நம் மக்கள் நிஜமாக எழுதுவதிலிருந்து தொடங்குங்கள்.

மென்பொருள் பணியாளர்: 'மயிர்' என்ற சொல்லைத் தடைப்பட்டியலில் போட்டோம். ஒரே புகார். எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம், அதைத் தனிச்சொல்லாக வைத்திருக்கவும் வேண்டாம். 'தலையின் இழிந்த மயிரனையர்' என்கிறது 964ஆம் குறள். அங்கே அது வெறும் முடி. 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று இன்றும் விபத்துச் செய்தி எழுதுகிறார்கள்; உங்கள் ஃபில்டர் அதையும் வெட்டியிருக்கும். 'என்ன மயிருக்கு' என்று வரும்போதுதான் வசை. தமிழில் உருபு ஒட்டும்போது சொல்லின் குணமே மாறிவிடும். 'நாய்' தெருவில் படுத்திருக்கும். 'நாயே' என்றதும் எதிரில் ஒரு மனிதர் நிற்கிறார். ஆகவே சொல்லோடு அதன் வடிவம், யாரை நோக்கியது, எந்த ஊர் வழக்கு, எவ்வளவு கடுமை என்பதையும் எழுதுங்கள். வசையாக வரும் வாக்கியம் ஒன்று, வசையில்லாத வாக்கியம் ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு வாசகர்: எத்தனை சொல் இருந்தால் போதும்?

எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். எடுத்துக்காட்டோடு 300 சொல், வெறும் 3,000 சொல்லைவிட மேல்.

யாழ்ப்பாண வாசகர்: அக்கா, சிங்களத்தில 'தெமள' எண்டு வாறதெல்லாத்தையும் தடுக்கலாமோ?

வேண்டாம் தம்பி. அது தமிழைக் குறிக்கும் சிங்களப் பெயர். முன்னால் 'பற' சேரும்போதுதான் இழிசொல். அந்தச் சேர்க்கையைப் பதியுங்கள். மியான்மரில் இந்தத் தவறு நடந்தது. தமிழர் உட்படத் தெற்காசிய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இழித்துச் சொல்லும் 'கலா' என்ற சொல்லை 2017இல் ஃபேஸ்புக் தடுத்தது. கொண்டைக்கடலை, நாற்காலி பற்றி எழுதியவர்களின் பதிவுகளும் போயின. அவற்றின் பர்மியப் பெயர்களுக்குள்ளும் அந்தச் சொல் இருக்கிறது. அந்த மொழியில் வளர்ந்தவர், அந்த வசையை வாங்கியவர், இரண்டு பேரிடமும் காட்டாமல் எந்தச் சொல்லையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆசிரியர்: எழுத்தை மாற்றிப்போட்டு ஏமாற்றுகிறார்களே மேடம்?

நடுவில் புள்ளி வைப்பார்கள், ஆங்கில எழுத்தில் நெடிலை இழுத்தும் குறுக்கியும் எழுதுவார்கள். அவற்றை உச்சரிப்பை வைத்து ஒன்றாக்கலாம். யாரும் ஏமாற்றாமலே தவறுவதும் உண்டு: 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகும், இரண்டு குறியாகவும் பதிவாகும். நம் கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு வேறு வேறு. முதலில் ஒருங்குறியை, அதாவது எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் யூனிகோட் குறிகளை, ஒரே மாதிரியாகச் சீராக்குங்கள்.

சமூகச் செயற்பாட்டாளர்: சாதிப் பெயர்களை மொத்தமாகத் தடுத்தால் என்ன?

இதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரு சமூகத்தின் பெயர் வசை அல்ல. தனக்கு நடந்த கொடுமையை ஒருவர் எழுதினால் அந்தப் பெயரும் வரும், அவரைத் திட்டிய சொல்லும் வரும். தடுத்தால் அடிபட்டவரின் வாயைத்தான் மூடுகிறோம். கணினிக்கு மொழி கற்பிக்க இணையப் பக்கங்களைத் திரட்டிய கூகுளின் 'சி4' தரவுத்தொகுப்பில், தடைப்பட்டியலின் ஒரு சொல் இருந்தாலே முழுப் பக்கத்தையும் நீக்கினார்கள். பாலினச் சிறுபான்மையினரைப் பற்றிய பக்கங்கள் அதில் கூடுதலாகப் போனதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் பட்டியலில் இத்தகைய சொற்களுக்கு 'மனிதர் படித்துப் பார்க்க' என்று குறி போட்டிருக்கிறோம். இயந்திரம் அவற்றைத் தானாக நீக்காது.