கேளுங்கள், சொல்கிறேன்: உள்துறையின் இரண்டாவது நாற்காலி

கே: உள்துறை அமைச்சர் இருக்கும்போதே 'உள்நாட்டுப் பாதுகாப்பு இணையமைச்சர்' என்று டெல்லியில் தனியாக ஒருவர் இருந்தாராமே? அவருக்கு என்ன வேலை? (உடுமலைப்பேட்டை வாசகர்)

ப: இருந்தார். தீவிரவாதத்தால் பஞ்சாப் பற்றி எரிந்த காலம் அது. 1985-ல் ராஜீவ் காந்தி தன் உறவினர் அருண் நேருவை அந்த இடத்தில் உட்கார வைத்தார். சட்டப்படி இணையமைச்சர் என்பவர் கேபினட் அமைச்சருக்குத் துணை, அவ்வளவுதான். கேபினட் கூட்டத்துக்குக்கூட அழைத்தால்தான் போக முடியும். ஆனால் டெல்லியில் நிருபர் வேலை பார்த்த நாங்கள் பெயர்ப்பலகையை வைத்து யாரையும் எடை போட்டதில்லை. உள்துறை அலுவலகம் இருந்த நார்த் பிளாக்கில் யாருடைய பி.ஏ. அறையில் கூட்டம் நெருக்கியடிக்கிறது என்றுதான் பார்ப்போம். அருண் நேரு இருந்தவரை அதில் சந்தேகமே வந்ததில்லை. 1986 அக்டோபரில் ராஜீவே அவரைக் கழற்றிவிட்டார். கூட்டமும் கலைந்துவிட்டது.

கே: இது ராஜீவின் கண்டுபிடிப்பா? (கும்பகோணம் வாசகி)

ப: பெயர்தான் புதுசு, பழக்கம் பழசு. நெருக்கடி நிலையின்போது உள்துறை அமைச்சர் பிரம்மானந்த ரெட்டி. ஆனால் அதிகாரிகள் பார்த்து நடுங்கியது இணையமைச்சர் ஓம் மேத்தாவை!

கே: ப.சிதம்பரமும் அந்தப் பதவியில் இருந்தவர்தானே? அத்தனை சின்ன வயதில் எப்படிக் கொடுத்தார்கள்? (காரைக்குடி வாசகர்)

ப: அருண் நேருவுக்குப் பிறகு வந்தவர் அவர்தான். அப்போது வயது 41. சிவகங்கையில் முதல்முறை ஜெயித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எப்படிக் கொடுத்தார்கள் என்பதைவிட, என்னென்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள், சுவாரஸ்யம் அங்கேதான் இருக்கிறது. பணியாளர் நலத் துறையின் இணையமைச்சர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் விவகாரமும் சி.பி.ஐ.யும் அந்தத் துறையின் கீழ் வருபவை. அதன் கேபினட் அமைச்சர் யார்? பிரதமரேதான். ஆக, உள்துறையில் அவருக்கு மேலே கேபினட் அமைச்சர் பூட்டா சிங், இன்னொரு துறையில் மேலே நேராக ராஜீவ். பிரதமரிடம் பேச அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், அந்த நாற்காலிக்கு உயரம் கொடுத்தது உள்துறை இல்லை, இந்தக் குறுக்குவழிதான். 1989 தேர்தல் வரை இரண்டு பொறுப்பிலும் இருந்தார். பொற்கோயிலுக்குள் பதுங்கிய தீவிரவாதிகளை வெளியேற்றிய 'ஆபரேஷன் பிளாக் தண்டர்' நடந்தது அந்தக் காலத்தில்தான், 1988 மே மாதம்.

இன்னொரு சங்கதி. அந்தச் சமயத்தில் உளவுத்துறையான ஐ.பி.யின் இயக்குநர் எம்.கே.நாராயணன். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் சிதம்பரம் உள்துறை அமைச்சராகத் திரும்பி வந்தபோது, அதே நாராயணன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகப் பிரதமர் அருகில் உட்கார்ந்திருந்தார்.

கே: அப்படியானால் ராஜேஷ் பைலட்டிடம் ஏன் அந்தப் பதவி எடுபடவில்லை? (வேலூர் வாசகர்)

ப: எடுபடவில்லை என்று சொல்ல மாட்டேன். 1993-லிருந்து இரண்டு வருடம் அவர் அடித்த சுற்றுப்பயணமும் கொடுத்த பேட்டியும் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் மேலே உள்துறை அமைச்சராக இருந்த எஸ்.பி.சவாணுக்கும் அவருக்கும் காஷ்மீர் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. சவாண் ஒன்று சொல்வார், இவர் வேறொன்று சொல்வார். எங்களுக்கு நல்ல தீனி! பிரதமர் நரசிம்ம ராவின் நெருங்கிய வட்டத்திலும் பைலட் கிடையாது. 1995-ல் சாமியார் சந்திராசாமியைக் கைது செய்யச் சொன்னார். ராவுக்கு வேண்டியவர் என்று ஊரே பேசிய சாமியார் அவர். சில நாட்களில் பைலட் சுற்றுச்சூழல் துறைக்கு மாற்றப்பட்டார். சந்திராசாமி சிறைக்குப் போனது அடுத்த வருடம், வேறொரு மோசடி வழக்கில்.

கே: இப்போது அந்தப் பதவியில் யார்? (தேனி வாசகி)

ப: அந்தப் பெயரில் யாரும் இல்லை. உள்துறையில் நித்யானந்த ராய், பண்டி சஞ்சய் குமார் என்று இணையமைச்சர்கள் இருக்கிறார்கள். 1998-ல் வாஜ்பாய் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியை உருவாக்கி, பிரஜேஷ் மிஸ்ராவிடம் கொடுத்தார். அதன் பிறகு பிரதமரின் காதுக்குப் பக்கத்து இடம் அங்கே போய்விட்டது. அந்த ஆலோசகர் தேர்தலில் நிற்க வேண்டாம், நாடாளுமன்றத்தில் கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்திருக்கவும் வேண்டாம். பைலட்டைப் பற்றிய செய்திக்கு அவர் பேட்டி ஒன்றே போதுமாக இருந்த எனக்கு, இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.