எதிர் வீட்டு எஸ்யூவியும் உங்கள் வேகன்ஆரும்

வணக்கம் சார். பெங்களூரு மாரத்தஹள்ளி அபார்ட்மெண்டில் எதிர் வீட்டார் எஸ்யூவி எடுத்ததிலிருந்து, நன்றாக ஓடும் உங்கள் வேகன்ஆரைப் பார்த்தாலே மனசு சுருங்குகிறது, 10 லட்சம் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

9% வட்டியில் 5 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 20,760 ரூபாய். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 2.45 லட்சம், இன்சூரன்ஸ், பெட்ரோல் தனி. கையெழுத்துப் போடுமுன், மூன்று மாதம் அந்தத் தொகையைச் சம்பள நாளன்றே வேறு கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். 20ஆம் தேதியே கையைக் கடித்தால் கடன் வேண்டாம். கடிக்காவிட்டாலும் 62,000 ரூபாய் சேர்ந்திருக்கும்.

மனசு பெரும் பணக்காரரோடு ஒப்பிடாது, நம்மைப் போன்றவரோடுதான் ஒப்பிடும். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே இதை எழுதினார். இது மனசின் இயல்பு என்பதால், 'ஒப்பிடக்கூடாது' என்று மனசை அடக்கப் பார்த்தால் அந்த நினைப்புதான் திரும்பத் திரும்ப வரும். அதைவிட, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்வது உடனே பலன் தரும்.

கூடவே, வேகன்ஆர் எந்த நாளில், எந்த வேலைக்குப் போதவில்லை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அப்பா அம்மாவோடு ஓசூர் போக இடமில்லை என்றால் எழுதலாம்; பார்க்கிங்கில் கூச்சமாக இருந்தது என்பதை எழுதாதீர்கள். மாதம் ஒன்றிரண்டு பதிவுதான் என்றால், அந்த நாட்களுக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.