மேகத்துக்குள் போனால் எந்த விதி? லாஸ்பேட்டையிலிருந்து சில பதில்கள்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். கருவிகளை நம்பிப் பறப்பதற்கான விதி (ஐஎஃப்ஆர்) பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மாணவர்: சார், ஐஎஃப்ஆரில் பறக்கும்போதும் மேகத்திலிருந்து 1,500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. அந்தத் தூரம் கண்ணை நம்பிப் பறக்கும் விஎஃப்ஆர் விமானிக்கு. 10,000 அடிக்குக் கீழே பார்வைத் தூரம் 5 கி.மீ., அதற்கு மேலே 8 கி.மீ. மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி. வெறும் மனப்பாடம் பரீட்சையோடு போய்விடும், காரணம் தெரிந்தால் நிற்கும். மேகத்துக்குள்ளிருந்து ஒரு ஐஎஃப்ஆர் விமானம் எந்த நேரமும் வெளியே வரலாம். 250 நாட் (மணிக்குச் சுமார் 463 கி.மீ.) வேகத்தில் அது 1,500 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 12 நொடி. அதற்குள் நீங்கள் அதைப் பார்த்து, ஆபத்து என்று உணர்ந்து, விலக வேண்டும். எதிரெதிரே வந்தால் அந்த நேரமும் கிடையாது.

ஐஎஃப்ஆரில் கண் செய்யும் வேலையைக் கன்ட்ரோலர் தரும் அனுமதி, அதாவது கிளியரன்ஸ், செய்கிறது. ஆனால் முழுதாக அல்ல. டி வகை வான்வெளியில் (கட்டுப்பாட்டுக்குட்பட்ட வான்வெளி வகைகளில் ஒன்று) ஒரு ஐஎஃப்ஆர் விமானத்தை இன்னொரு ஐஎஃப்ஆர் விமானத்திலிருந்துதான் நாங்கள் பிரித்து வைப்போம். விஎஃப்ஆர் விமானம் பக்கத்தில் இருந்தால் தகவல் மட்டுமே தருவோம். அதனால் மேகத்தை விட்டு வெளியே வந்ததும் தலையைத் தூக்கி வெளியே பாருங்கள். இன்னொன்று: ஐஎஃப்ஆர் என்பது விதி, ஐஎம்சி என்பது கண்ணை நம்பிப் பறக்கப் போதாத வானிலை. பளிச்சென்று வெயில் அடிக்கும்போதும் ஐஎஃப்ஆரில் பறக்கலாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பயணி: ஐப்பசி மழையில் தரைக்குக் கிட்ட வந்த விமானம் மறுபடி மேலே ஏறிவிட்டது. இறங்க அனுமதி கிடைக்கவில்லையா?

கிடைத்தே இருக்கலாம் ஐயா. அப்ரோச்சுக்கு, அதாவது ஓடுதளத்தை நோக்கி இறங்கி வருவதற்கு, தரும் அனுமதி வேறு, தரையிறங்கத் தருவது வேறு. இரண்டும் கையில் இருந்தாலும் குறித்த உயரத்தில் ஓடுதளமோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால் விமானி மேலே ஏறியே ஆக வேண்டும். ஓடுதளத்துக்கு வழிகாட்டும் வானொலிக் கருவியான ஐஎல்எஸ்ஸின் முதல் வகை அப்ரோச்சில் அந்த உயரம் 200 அடிக்குக் குறையக் கூடாது, ஓடுதளப் பார்வைத் தூரம் 550 மீட்டருக்குக் குறையக் கூடாது. அவ்வளவு துல்லியம் இல்லாத அப்ரோச் என்றால் இன்னும் உயரத்திலேயே முடிவெடுக்க வேண்டும். பார்வைத் தூரம் போதாது என்று முன்பே தகவல் வந்துவிட்டால் 1,000 அடிக்குக் கீழே இறங்கவே கூடாது. நம் லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். இங்கே 'பார்த்துக்கொள்ளலாம்' என்று இறங்குகிறவரைவிட மேலே ஏறுகிறவரைத்தான் நான் நம்புவேன்.

நெல்லித்தோப்பு வாசகர்: ஸ்பெஷல் விஎஃப்ஆர் என்றால்?

விஎஃப்ஆருக்கு வேண்டிய வானிலை இல்லாதபோது, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் மட்டும் கன்ட்ரோலர் தரும் தனி அனுமதி. தரையில் பார்வைத் தூரம் 1,500 மீட்டராவது இருக்க வேண்டும். கேட்டால்தான் தருவோம், நாங்களாகப் போய்க் கொடுப்பதில்லை.

வில்லியனூரிலிருந்து ஒரு அம்மா: மகன் விமானம் ஓட்டப் படிக்கிறான். மேகத்துக்குள் போனால் திசை தெரியாதாமே?

உண்மைதான் அம்மா. வெளியே எதுவும் தெரியாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நம்மை ஏமாற்றும். மெதுவாகச் சாய்ந்தபடி திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் நேராகப் போவதுபோல் தோன்றும். சரிசெய்து நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் இருக்கும். அதை நம்பிப் பழையபடி சாய்த்துவிடுவதுதான் ஆபத்து. அந்த உணர்வை ஒதுக்கிவிட்டுக் கருவியை மட்டும் நம்பப் பழக்குவதற்காகத்தான் வெளியே பார்க்க முடியாதபடி தலையில் ஹூட் மாட்டிப் பயிற்சி தருகிறார்கள். அப்போது பக்கத்தில் ஆசிரியர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் ஹூட் மாட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது தலை எந்தப் பக்கம் சுற்றியது என்று கேளுங்கள், நிறையச் சொல்வான்.