வின்ச் கனக்கிறது, கீல் தட்டுகிறது: கிரீஸ் போட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: 22 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கப் பேசி வைத்திருக்கிறேன். அடியில் ஸ்விங் கீல். ஓட்டிப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் உறுத்தின. கீலைத் தூக்க வின்ச் கைப்பிடியைச் சுற்றினால் பாதி வழியில் கனக்கிறது. நங்கூரம் போட்டு நின்றபோது, படகு ஆடும்போதெல்லாம் அடியில் ‘டொக் டொக்’ என்று சத்தம். வேகம் பிடித்தால் கீழிருந்து ஒரு ரீங்காரம். "கிரீஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் சொன்னதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வின்ச்சில் கிரீஸ் போடக்கூடாத இடம் ஒன்று உண்டு. அதற்கு வருகிறேன்.

கீல் என்றதும் கதவுக் கீல் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது படகின் அடியில் இறங்கும் கனமான இரும்புத் தகட்டை. ஆனால் ஸ்விங் கீல் வேலை செய்வதும் ஏறக்குறைய கதவு மாதிரிதான். முன்முனை ஒரு தடித்த முளையில் மாட்டியிருக்கும், பின்முனையை ஒரு கம்பி வடம் தூக்கும். உங்களுடையதைப் போன்ற 22 அடிப் படகுகளில் பரவலாக அறியப்பட்ட கேட்டலினா 22-ஐ எடுத்துக்கொண்டால், வார்ப்பிரும்புக் கீல் மட்டும் சுமார் 250 கிலோ. அவ்வளவையும் தூக்கிப் பிடிப்பது விரலைவிட மெல்லிய ஒரு கம்பி. அது அறுந்தால் கீல் வேகமாக விழுந்து, முளை மாட்டியிருக்கும் இடத்தையோ கீல் அடங்கும் பெட்டியையோ பிளந்துவிடலாம். அப்புறம் தண்ணீர் உள்ளே வரும்.

ரீங்காரத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கீல் முழுக்க இறங்கிய பிறகும் கம்பி விறைப்பாக நின்றால், ஓடும் தண்ணீர் அதைத் தந்திபோல் அதிரவைக்கும். இதைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. கீல் தன் தடையில் உட்கார்ந்த பின் கம்பியைச் சற்றே தளர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வருஷக்கணக்கில் அதிர்ந்த கம்பி, அதன் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பிணைப்பை ஒட்டிய இடத்தில் களைத்துப் போயிருக்கலாம். அந்த இடத்தை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

‘டொக் டொக்’ வேறு ரகம். கீலுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் இடம் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். ஆகவே நுனியைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுவது குறையில்லை. அளவுக்கு மேல் ஆடினால் முளையின் இரு பக்கமும் வாஷர் வைத்துக் குறைக்கலாம். நான் பயப்படுவது மேலும் கீழும் ஆடும் ஆட்டத்துக்கு. படகைத் தூக்கி நிறுத்தி, கீலின் எடையைக் கட்டைகளின் மேல் உட்காரவைத்து, முளைக்குப் பக்கத்தில் ஒரு கடப்பாறையால் மெல்ல நெம்பச் சொல்லுங்கள். கீலின் தலை எழும்பி இறங்கினால், முளை தேய்ந்திருக்கிறது, அல்லது துளை வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டது. முளை விலை குறைவுதான். துளையைப் பெரிதாக்கி உள்ளே புஷ் எனும் வளையம் போடுவதென்றால் கீலையே கழற்ற வேண்டும், கூலிதான் அதிகம். முளையைத் தாங்கும் பகுதியைச் சுற்றிப் படகின் உடற்பகுதியில் விரிசல் தெரிந்தால், நானாக இருந்தால் அந்தப் படகை விட்டுவிடுவேன்.

சரி, கனம். ஒரே இடத்தில் வந்து கனத்தால், அங்கே ஏதோ உரசுகிறது. வார்ப்பிரும்பு துருப்பிடித்து ஏடு ஏடாக உப்பியிருக்கலாம், பெட்டிக்குள் சிப்பி ஒட்டி வளர்ந்திருக்கலாம். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கனம் என்றால் கம்பி திரும்பும் கப்பி இறுகியிருக்கலாம். கப்பி சுழலாமல் கம்பி அதன்மேல் வழுக்கி வழுக்கித் தேயும், கம்பி அறுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

இனி அந்தக் கிரீஸ். பிரேக் உள்ள வின்ச்சில், கீலைப் பிடித்து நிறுத்துவதே உராய்வுத் தட்டுகள்தான். பல் சக்கரத்துக்கும் தண்டுக்கும் கிரீஸ் நல்லது. தட்டுகளில் பட்டால் பிடிமானம் போய்விடும். மேலே சுற்றும்போது ‘டிக் டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பல்லைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்தோ ஒட்டியோ இருக்கிறது. பாதித் தூரம் தூக்கி, கைப்பிடியிலிருந்து கையை மெதுவாகத் தளர்த்துங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. அசையாமல் நின்றால் பிரேக் பிடிக்கிறது. கைப்பிடி பின்னோக்கிச் சுழல ஆரம்பித்துவிட்டால் பிடிக்கப் போகாதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

கம்பியை வெறும் கையால் தடவாதீர்கள். ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்து வாருங்கள். அறுந்த இழை ஒன்று இருந்தாலும் துணி மாட்டி நூல் பிரியும். அப்படி ஓர் இடம் இருந்தாலே கம்பியை மாற்ற வேண்டியதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. காற்றுப் படாமல் உப்புத் தண்ணீர் தேங்கும் இடத்தில், அதாவது முனைப் பிணைப்பின் உள்ளே, அது ரகசியமாக அரிக்கும். பிணைப்பின் வாயில் பழுப்புக் கறை கசிந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வேண்டாம், துருவை மூடி மறைத்துவிடும்.

புதிதாக வாங்கும்போது 7×19 என்று கேளுங்கள். 7 புரி, புரிக்கு 19 இழை, மொத்தம் 133. கப்பியில் வளைய அந்த நெகிழ்வு வேண்டும். பாய்மரத்தை இழுத்துக் கட்டும் 1×19 கம்பி விறைப்பானது, இங்கே சீக்கிரம் முறியும். ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு அலுமினியப் பிணைப்பும் ஆகாது, உப்பு நீரில் அலுமினியம் கரைந்துவிடும். செம்பு கேளுங்கள்.

பலர் பார்க்காமல் விடும் ஒன்று: கம்பி படகுக்குள் வரும் வழியில் இருக்கும் ரப்பர் குழாய். அது வெடித்தாலோ கிளாம்ப் துருப்பிடித்தாலோ படகு உள்ளே நிரம்பும். விரலால் அழுத்திப் பாருங்கள், மொறுமொறுவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இதில் பலவும் படகு தண்ணீரில் இருக்கும்போது தெரியாது. டிரெய்லரில் கீல் மேலே ஏறியிருந்தாலும் தெரியாது. ஆகவே ஒப்பந்தத்தில், ‘தண்ணீரிலிருந்து தூக்கி, கீலை இறக்கிச் சோதித்த பிறகே விற்பனை உறுதி’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தூக்கும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு படகு பாருங்கள்.

கேள்வி: கம்பிக்குப் பதில் டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு போடலாமா?

பதில்: போடலாம். துருப்பிடிக்காது, கையைக் குத்தாது. ஆனால் கூர்மையான விளிம்பில் உரசினால் சீக்கிரம் போய்விடும். பழைய கம்பி கப்பியில் அறுத்த பள்ளத்தையும், வார்ப்பிரும்பின் சொரசொரப்பையும் முதலில் மழமழப்பாக்குங்கள். முனையில் முடிச்சுப் போடாதீர்கள், வழுக்கும். இழை கோத்துப் பின்னிய கண்ணிதான் நிற்கும்.