சிவப்பில் நிற்கும் சொற்கள்

அன்புள்ள அண்ணா,

விசைப்பலகைக் கட்டளைகளாலேயே இயங்கும் விம் என்ற உரை எடிட்டர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் அதற்கு மாறினேன். ஆங்கிலத்தில் மென்பொருள் கையேடு எழுதுவது என் வேலை. அதன் பிழைதிருத்தியை இயக்க 'செட் ஸ்பெல்' என்று கொடுத்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு. என் பெயர், ஊர்ப்பெயர், எங்கள் மென்பொருளின் பெயர், எல்லாமே பிழையாம். 'கலர்' என்பதை யூ போட்டு எழுதினால் அதற்கும் ஒரு நிறம். என் ஊரான திருச்செங்கோட்டின் மேல் கர்சரை வைத்து இசட்டும் சமக்குறியும் அடித்தால் சம்பந்தமே இல்லாத சொற்களை நீட்டுகிறது. வெறுத்துப்போய் அணைத்துவிட்டேன். போன வாரம் என் மேலாளர் ஒரே ஆவணத்தில் ஏழு பிழைகளைச் சுழித்துக் கொடுத்தார். இதை உருப்படியாகப் பயன்படுத்த வழி உண்டா? தமிழுக்கும் இது உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கலர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். யாருடைய அமைப்புக் கோப்பையோ அப்படியே நகலெடுத்திருப்பீர்கள், அதில் பிழைதிருத்தியின் மொழியைச் சொல்லும் 'ஸ்பெல்லாங்' அமெரிக்க ஆங்கிலம் என்று இருக்கும். அதை பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். வெறும் 'ஈஎன்' என்று விட்டால் இரண்டு வழக்கையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரே கையேட்டில் இரண்டும் கலந்து வந்தாலும் அது வாய் திறக்காது.

மற்றதெல்லாம் பழக்கம்தான். எழுதும்போது ஸ்பெல்லை அணைத்தே வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வாக்கியம் யோசிக்கிற நேரத்தில் சிவப்பு கண்ணில் பட்டால் யோசனை அறுந்துபோகிறது. எழுதி முடித்த பிறகு போடுங்கள். மூடும் சதுர அடைப்பும் எஸ்ஸும் அடித்தால் அடுத்த பிழைக்குப் போகும். திறக்கும் அடைப்பும் எஸ்ஸும் அடித்தால் முந்தையதற்கு. பிழையின் மேல் நின்று இசட்டும் சமக்குறியும் அடித்தால் எண் போட்டுப் பரிந்துரைகள் வரும், எண்ணைக் கொடுத்தால் மாற்றிவிடும். ஒரே பிழையை இருபது இடத்தில் செய்திருந்தால், ஓரிடத்தில் திருத்திவிட்டு 'ஸ்பெல்ரீப்ஆல்' என்ற கட்டளையைக் கொடுங்கள், மீதியையும் அதுவே மாற்றும்.

திருச்செங்கோட்டுக்குப் பரிந்துரை கேட்டது உங்கள் தவறு. அது அதன் பட்டியலில் இல்லாத ஊர், கிட்டத்தட்ட அதுபோல ஒலிக்கிற எதையாவதுதான் நீட்டும். அங்கே அடிக்க வேண்டியது இசட் ஜி. ஜி என்றால் குட். இந்தச் சொல் நல்ல சொல், இனிமேல் கேட்காதே என்று அர்த்தம். ஒரு வாரம் பொறுமையாக இதைச் செய்தால் உங்கள் கையேடுகளில் சிவப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கட்டளைகளைப் பட்டியல் போட்டுக் காட்டுகிறவர்கள் பரிந்துரையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பிழைதிருத்தியின் உயிர் இசட் ஜியில்தான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான்.

என் கதையைக் கேளுங்கள். ஒருநாள் இரவு, மறுநாள் காலை அனுப்ப வேண்டிய ஆவணம். சிவப்பைக் கண்டால் இசட் ஜி, சிவப்பைக் கண்டால் இசட் ஜி என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். 'செபரேட்' என்ற சொல்லில் முதல் ஏ வரவேண்டிய இடத்தில் ஈ போட்டிருந்தேன், உலகத்தில் பாதிப் பேர் செய்கிற பிழை. அதையும் நல்ல சொல் என்று சேர்த்துவிட்டேன். இன்ன சொல் சேர்ந்தது என்று திரைக்கு அடியில் ஒரு வரி வரத்தான் செய்கிறது. அந்த அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? அதன்பின் மூன்று ஆண்டுகள் அந்தச் சொல்லைத் தப்பாகவே எழுதினேன். பிழைதிருத்தியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, செபரேட்டுக்கு மட்டும் டிக்‌ஷனரி பார்க்கவும் என்று ஒருவர் எழுதியபோதுதான் விழித்தேன்.

அப்புறம் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். உங்கள் ஹோம் அடைவில் (ஃபோல்டரில்) புள்ளியோடு தொடங்கும் விம் அடைவு, அதற்குள் ஸ்பெல் அடைவு, அதற்குள் 'ஆட்' என்று முடியும் கோப்பு. வரிக்கு ஒரு சொல்லாகச் சாதாரண உரைக்கோப்புதான். என் கோப்பில் செபரேட்டோடு இன்னும் நான்கு திருடர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பாருங்கள். கையால் வரியை நீக்கினால் 'எம்கேஸ்பெல்' கட்டளையை ஆச்சரியக்குறியோடு கொடுத்து அந்தக் கோப்பை மறுபடி தொகுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பட்டியலே ஓடிக்கொண்டிருக்கும். தப்பாகச் சேர்த்தது அப்போதே தெரிந்துவிட்டால் அதே சொல்லின் மேல் நின்று இசட் யூ ஜி. கதை முடிந்தது.

இன்னும் இரண்டு விஷயம். வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லைச் சேர்த்தால் பெரிய எழுத்தோடு சேரும். அதே சொல் வரியின் நடுவே சின்ன எழுத்தில் வந்தால் திரும்பவும் சிவக்கும். ஆகவே நடுவில் வரும் இடத்தில் நின்று சேருங்கள். இந்த ஆவணத்துக்கு மட்டும் வேண்டிய சொல்லென்றால் இசட்டோடு பெரிய எழுத்து ஜி போடுங்கள். விம்மை மூடியதும் மறந்துவிடும். அன்று இரவு இது எனக்குத் தெரிந்திருந்தால் இவ்வளவு கதை இல்லை.

ஜிக்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு: இசட் டபிள்யூ. அகராதியில் இருக்கிற சொல்லையே தவறு என்று குறித்துவைப்பது. எதற்கு என்று கேட்பீர்கள். 'பப்ளிக்' என்ற சொல்லில் எல் விழுந்துவிட்டால் மிச்சமிருப்பது உடம்பின் ஓரிடத்தைக் குறிக்கும் முறையான மருத்துவச் சொல். அகராதியில் இருக்கிறது, பிழைதிருத்தி மூச்சு விடாது. ஓர் அரசுத் துறைக்கான அறிக்கையில் அது போனால் உங்கள் பெயர் எங்கெல்லாம் பரவும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை டபிள்யூவில் போட்டுவிட்டால் எப்போது வந்தாலும் சிவக்கும்.

இந்த யோசனை விம்முக்கு வெகுகாலம் முந்தியது. விம்முக்குள் பிழைதிருத்தி வந்தது 2006இல் வெளியான 7ஆம் பதிப்பில், பிராம் மோலெனார் எழுதியது. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஸ்பெல் கட்டளையை டக் மெக்கில்ராய் 1970களிலேயே செம்மைப்படுத்திவிட்டார். ஏறத்தாழ 30,000 சொற்கள்; நிரல் அடங்க வேண்டிய இடமோ 64 கிலோபைட். எல்லா வடிவங்களையும் வைக்க இடமேது? வேர்ச்சொல்லை வைத்துக்கொண்டு விகுதியை வெட்டிப் பார்த்தார்கள். 'ஹேப்பி'யின் ஒய்யை ஐயாக்கி ஈஆர் சேர்த்தால் 'ஹேப்பியர்'. அதே விதிப்படி, 'அவர்களுடைய' என்று பொருள்படும் 'தேர்' என்ற சொல்லில் ஈயையும் ஐயையும் இடம் மாற்றி எழுதினால், 'உன்னுடைய' என்ற பழஞ்சொல்லான 'தை'யோடு ஈஆர் சேர்ந்தது என்று கணக்குச் சரியாக வந்து தேறிவிடும்! இப்படி விதிக்குள் புகுந்து தப்பிக்கும் பிழைகளுக்கென்றே தனியாக ஒரு தடைப்பட்டியல் வைத்திருந்தார்கள். நம் இசட் டபிள்யூவுக்குத் தாத்தா.

விம்முக்குப் போட்டியான ஈமேக்ஸ் எடிட்டரின் நண்பர்கள் கோபிக்கவேண்டாம். அங்கே ஆல்ட்டும் டாலர் குறியும் சேர்த்து அடித்தால் பரிந்துரை வரும். ஐ அடித்தால் சொந்த அகராதிக்குப் போகும், ஏ அடித்தால் அந்த அமர்வுக்கு மட்டும் ஏற்கும். அகராதியைச் சேமிக்கவா என்று அது கேட்டுவிட்டுத்தான் சேமிக்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஈமேக்ஸைத்தான் பிடித்திருக்கிறது.

தமிழுக்கு இந்த முறை அவ்வளவாகக் கைகொடுக்காது. வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டிலிருந்தும்கூட என்று ஒரு சொல்லே ஊர்வலம் போகும் மொழி. இசட் ஜி அடித்து விரல் தேய்ந்துவிடும். சந்தி வேறு இருக்கிறது. தமிழுக்கு நான் நீச்சல்காரன் உருவாக்கிய வாணி என்ற தமிழ்ப் பிழைதிருத்தியில் ஒட்டிப் பார்க்கிறேன், ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கு அவருடைய நாவி என்ற சந்தித் திருத்தி. எடிட்டரை விட்டு வெளியே போகவேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

மேலாளர் சுழித்த அந்த ஏழையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஸ்பெல் போட்டிருந்தால் எத்தனை சிவந்திருக்கும், 'ஃப்ரம்' எழுதவேண்டிய இடத்தில் 'ஃபார்ம்' என்று விழுந்த வகை எத்தனை? இரண்டாவது வகைதான் அதிகம் என்றால் எந்தக் கட்டளையும் உதவாது, ஆவணத்தை அச்செடுத்து பேனாவோடு உட்காரவேண்டியதுதான்.

அன்புடன்.