ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்த பட்டாலியனில் சிப்பாயின் ஒரு நாள் எப்படிப் போகும்?

கேட்டிருந்தது இது: முதல் உலகப்போரில் ஊர்க்காரர்களையே சேர்த்து அமைத்த பிரிட்டிஷ் 'பால்ஸ்' (Pals, கூட்டாளிகள்) பட்டாலியன்களில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது, சண்டை இல்லாத நேரத்தில் என்ன செய்தார்கள்?

அந்த இரண்டாம் பாதிக்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதை யாரும் கேட்பதே இல்லை. நீங்கள் ஏதோ கதையோ கட்டுரையோ எழுதப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். சண்டை நடந்த நேரம் சொற்பம். மற்ற நேரமெல்லாம் சுமை தூக்குவது, மண் வெட்டுவது, துவைப்பது, காத்துக் கிடப்பது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயரின் கிழக்குப் பக்கம் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அப்படிப் போன வீடுகளில் ஒன்றில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி. அவருடைய அப்பா 'அக்ரிங்டன் பால்ஸ்' என்று சொல்லப்படும் கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்டின் 11வது பட்டாலியனில், சோர்லி ஊர்க் கம்பெனியில் (பட்டாலியனின் ஒரு பிரிவு) இருந்தவர்.

அந்தப் பட்டாலியனைத் திரட்டியது ராணுவம் கூட இல்லை, அக்ரிங்டன் மேயர் ஜான் ஹார்வுட். 1914 செப்டம்பர் 14 அன்று ஆள் எடுக்க ஆரம்பித்து பத்தே நாளில் ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதும் அந்த நாட்களில்தான், செப்டம்பர் 22. எல்லாம் தேசபக்தி என்று சொல்வார்கள், நான் முழுக்க நம்புவதில்லை. போர் வந்ததும் பருத்தி வியாபாரம் படுத்து, தறிகள் நின்றுபோயிருந்த நேரம் அது. பக்கத்து பிளாக்பர்னில் நம் நாட்டுக்கு வேட்டி நெய்து அனுப்பிக்கொண்டிருந்த ஆலைகளுக்கும் அதே கதிதான். சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங், அதோடு சாப்பாடு, பூட்ஸ். வீட்டில் அடுப்பு எரியாதவனுக்கு அது பெரிய விஷயம்.

முதல் சில மாதங்கள் அவரவர் வீட்டில் தூங்கி எழுந்து, சொந்தச் சட்டையோடு போய் டிரில் செய்தார்கள். காக்கித் துணி தட்டுப்பாடு என்று பிறகு கொடுத்த சீருடையும் நீல நிறம். 1915 பிப்ரவரியில் வேல்ஸில் உள்ள கார்னர்வனுக்குப் போனபோதுதான் எல்லாக் கம்பெனிகளும் ஒன்றாக இருக்க ஆரம்பித்தன. அங்கேயும் முகாம் இல்லை, வெல்ஷ் பேசும் குடும்பங்களின் வீடுகளில் தங்கல். அப்புறம் இங்கிலாந்தில் பல முகாம்கள், அந்த ஆண்டுக் கடைசியில் சூயஸ் கால்வாயைக் காக்க எகிப்துக்குக் கப்பல், 1916 மார்ச்சில் பிரான்ஸ்.

பிரான்ஸில் ஒரு நாள் என்றால், விடிவதற்கு முன்பே பதுங்குகுழியில் எல்லோரும் துப்பாக்கியோடு தயாராக நிற்க வேண்டும். எதிரி வரவில்லை என்று தெரிந்ததும் ஆளுக்கு ஒரு மடக்கு ரம். காலைச் சாப்பாடு, துப்பாக்கி துடைப்பது, பாதச் சோதனை. பாதம் அழுகிவிடக் கூடாது என்று திமிங்கில எண்ணெய் தேய்த்துக் காலுறை மாற்ற வேண்டும். பகலில் கிடைத்த இடத்தில் சுருண்டு தூக்கம். இருட்டியதும்தான் நிஜமான வேலை: முள்கம்பிச் சுருள், பலகை, குண்டுப் பெட்டி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் தோளில் சுமந்து, முழங்கால் சேற்றில் போய்ச் சேர்ப்பது. சில நாள் கழித்துப் பின்னால் உள்ள கிராமத்துக்கு அனுப்பினால் அது ஓய்வு என்று பெயர்தான், அங்கேயும் மண்வெட்டி கைக்கு வந்துவிடும். குளியல் எப்போதாவது, பெரும்பாலும் பீர் காய்ச்சும் தொட்டிகளில். சட்டைத் தையல்களில் ஒளிந்திருக்கும் சீலைப்பேனை மெழுகுவர்த்தித் தீயில் காட்டிப் பொசுக்குவது தினசரிக் கடமை. பாட்டியின் அப்பா போரைப் பற்றி வாயே திறக்க மாட்டாராம், ஆனால் வீட்டில் தேநீர் கொஞ்சம் சரியில்லை என்றாலும் "பெட்ரோல் வாடை அடிக்கிறது" என்பாராம். அங்கே தண்ணீர் வந்தது பெட்ரோல் டின்களில்.

பாட்டி ஒரு செருப்புப் பெட்டியில் அவர் அனுப்பிய அட்டைகளை வைத்திருந்தார். பழுப்பேறிய, கையகல அட்டை. "நலமாக இருக்கிறேன்", "மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்", "பார்சல் கிடைத்தது", "நெடுநாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை" என்று வரிகள் அச்சிட்டிருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் மட்டும் போடலாம். வேறு எதையாவது சேர்த்தால் அட்டையை அழித்துவிடுவோம் என்று மேலேயே எச்சரிக்கை. நான் பார்த்த ஒன்றில் மருத்துவமனை வரியை அவர் அடித்த அடியில் பென்சில் தடம் பின்பக்கம் புடைத்து நின்றது. பெற்ற தாய் பதறிவிடக் கூடாது என்று அழுத்தியிருக்கிறார்.

கடிதம் எழுதலாம், ஆனால் சொந்த அதிகாரியே படித்துத் தணிக்கை செய்வார். ஊர்ப் பட்டாலியனில் இதுதான் கொடுமை. ஆரம்பத்தில் அதிகாரிகளாக வந்தவர்களில் பலர் அதே ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைகள். தறி ஓட்டியவன் மனைவிக்கு எழுதியதை ஊர்ப் பணக்காரன் மகன் படிக்கிறான் என்றால் அவன் என்ன மனம் விட்டு எழுதியிருப்பான்?

அந்த அட்டைகளை நிதானமாகப் பார்க்கவும் நேரம் கிடையாது. ஒரு வீட்டுக்கு 15 நிமிடம் என்று கணக்கு. மாத்திரை கொடுத்து, துடைத்துவிட்டு, கைபேசியில் பதிவு போட்டுவிட்டு ஓட வேண்டும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளமும் இல்லை. பேசுவதற்கு ஆள் இல்லாமல்தான் அந்த வயதில் பாதி நோயே வருகிறது, அதை எந்த மேலாளரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

"நம்மை அடிமைப்படுத்தியவன் படைக்கு இவ்வளவு உருகலா" என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். பேரரசுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஓட்டுரிமை கூட முழுதாக இல்லாத ஆலைத் தொழிலாளிகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 பற்றி எல்லா இடத்திலும் இருக்கிறது: பிரான்ஸின் செர் கிராமத்தின் முன்னால் சுமார் 720 பேர் போனதில் 584 பேர் அரை மணி நேரத்துக்குள் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். தெருவுக்குத் தெரு ஒப்பாரி. செய்தி தெரியாத ஜனங்கள் மேயர் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். பிறகு வெளியூர் ஆட்களைப் போட்டு நிரப்பியதில் அது ஊர்ப் பட்டாலியனாகவே இல்லை.

எழுதுவதாக இருந்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டாலியன் போர் நாட்குறிப்புகளைத் தேடுங்கள், நிறைய இணையத்திலேயே உண்டு. ஜூலை 1-க்கு நேராகத் தாவாமல் மார்ச் முதல் ஜூன் வரை உள்ள பக்கங்களை முதலில் படியுங்கள்.